எட்டாவது வரி

"இப்பவே வயித்துக்கு சி.டி. ஸ்கேன் எடுங்க. எடுக்கிற வரைக்கும் இங்கேருந்து நகர மாட்டேன்!"

உறவினர் வீட்டுக்கு வந்த இடத்தில், பூங்காவில் சறுக்கு மரத்திலிருந்து விழுந்துவிட்டாள் ஆறு வயது மகள். இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அப்பாதான் வியர்த்து வழிந்தார்.

டியூட்டி டாக்டர் வேலையில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. சுவரில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. நகலெடுத்து நகலெடுத்து எழுத்து மங்கி, எழுதியவர் பெயர் இருந்த அடிப்பக்கம் கிழிந்துபோன அட்டை. அதிலிருந்த ஏழு கேள்விகளையும் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டாள். வயிற்றில் கன்றிய தடம் இல்லை, அமுக்கினால் வலி இல்லை, வாந்தி இல்லை... ஏழுக்கும் 'இல்லை' என்றால் ஸ்கேன் வேண்டாம், கண்காணித்தால் போதும்.

"பாப்பா, ஒரு தடவை குதி பாக்கலாம்."

"ஐயோ, குதிக்க வைக்காதீங்க!" என்று அப்பா அலறுவதற்குள் அவள் ஐந்து முறை குதித்துவிட்டாள்.

"பாருங்க சார், வலியே இல்ல. ஸ்கேன்ல கதிர்வீச்சு ஜாஸ்தி. சின்ன உடம்புக்கு அது வீணா எதுக்கு? நாலு மணி நேரம் இங்கயே வச்சுப் பாப்போம்."

"உள்ளே மண்ணீரல் கிழிஞ்சு ரத்தம் கசிஞ்சா? நாலு மணி நேரமும் வேடிக்கை பாப்பீங்களா?"

டாக்டருக்குச் சந்தேகம் வந்தது. ஒருவேளை இவர் சொல்வதுதான் சரியோ? ஸ்கேனுக்குச் சீட்டு எழுத ஆரம்பித்தாள். பாதியில் கண் மறுபடி அட்டைக்குப் போனது. பேனாவை மூடினாள்.

"எட்டாவதா ஒரு வரி இருக்கு சார். 'பெற்றோரின் பதற்றம் ஸ்கேனுக்குக் காரணம் ஆகாது.'"

"அதை எழுதினவன் ஒரு மடையன்! புள்ளகுட்டி இல்லாத பய!"

"நாங்க எல்லாரும் அதை வச்சுத்தான் சார் படிச்சோம்."

பக்கத்தில் நின்ற அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கணவர் முறைத்ததும் மூடிக்கொண்டாள்.

நாலு மணி நேரமும் அப்பா முள் மேல் உட்கார்ந்திருந்தார். கால் மணிக்கு ஒருதரம் மகளின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். கடைசியில் அவளுக்குக் கூச்சம் தாங்கவில்லை. "போப்பா, சிரிப்பு சிரிப்பா வருது!" என்று உருண்டாள்.

ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் விறுவிறுவென்று வாசலுக்குப் போனார்.

டாக்டருக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. "இனிமேலாவது அந்த அட்டையை எழுதினவரைத் திட்டாம இருக்கச் சொல்லுங்கம்மா."

"எப்படிம்மா சொல்றது? எழுதினதே அவர்தான்" என்றாள் அம்மா, செருப்பை மாட்டிக்கொண்டே. "அப்போ அவருக்குக் கல்யாணமே ஆகல."