ஒரு மணி மருந்து

“இன்னாக்கா பண்ண எம் பொண்ண?”

மோனிகா போட்ட கத்தலில் அக்கம்பக்கத்துக் கதவெல்லாம் திறந்துகொண்டது. சிப்காட் கம்பெனியில் காலை ஷிப்ட் முடித்து, யூனிபார்ம்கூட மாற்றாமல் குழந்தையைத் தூக்கிப்போக வந்தவள். ரெண்டு வயசு ஏஞ்சலின், அவளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ரோசம்மா வீட்டுப் பாயில் கிடந்தாள். உலுக்கினால் ஒரு முனகல், அவ்வளவுதான். கண் திறக்கவில்லை.

“நானும் எழுப்பிக்கினேதான் இருக்கேம்மா. உனுக்கு ஏழு வாட்டி போன் போட்டேன்...”

“கம்பெனில போன் லாக்கர்ல இருக்கும்னு தெரியாதா உனுக்கு? தும்மலுக்கு மத்தியானம் ஒரு மணிக்கு ஒரே ஒரு மூடி சிரப்பு குடுன்னுதானே சொன்னேன்? நீ எத்தினி மூடி ஊத்துன? பாட்டிலு எம்மாம் கொறஞ்சிருக்கு பாரு! கொழந்த தூங்குனா நிம்மதியா சீரியல் பாக்கலாம், அதானே?”

“ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதம்மா. நான் வந்து...”

“பேசாத!”

எதிர்வீட்டு அருணா சும்மா இருப்பாளா? “எனுக்கு அப்பவே டவுட்டு. இவ ஊட்டுல பசங்க சத்தமே கேக்காது.”

அதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ரோசம்மா ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்த ஆட்டோ. அதை யார் கவனித்தார்கள்? மோனிகா குழந்தையை அள்ளிக்கொண்டு ஏறினாள். ரோசம்மாவும் மருந்துப் பாட்டில் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு தொற்றிக்கொண்டாள்.

ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் நகருவேனா என்றன.

“அண்ணா, சந்துல உட்டு போண்ணா! இன்னாண்ணா இப்படி நிக்கிற!”

நிமிஷத்துக்கு நாலு தடவை மோனிகா குழந்தையின் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தாள். ரோசம்மா குழந்தையின் பாதத்தைத் தேய்க்கப் போனாள். மோனிகா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“எம் பொண்ணுக்கு ஒண்ணு ஆச்சு, உன்ன போலீஸ்ல புடிச்சுக் குடுக்காம உட மாட்டேன்.”



கிளினிக்கில் டாக்டரம்மா டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். நெஞ்சில் ஸ்டெத் வைத்தார். உள்ளங்காலில் ஒரு கிள்ளு. குழந்தை காலை இழுத்துக்கொண்டு சிணுங்கியது.

“மூச்சு சீரா இருக்கு. மருந்தக் காட்டுங்க... இது அலர்ஜி மருந்து, தூக்கத்துல தள்ளும். ரெண்டு வயசுக் குழந்தைக்கு யார் எழுதிக் குடுத்தா?”

“மெடிக்கல்ல நானே கேட்டு வாங்கினேன் மேடம்.”

“நல்லா இருக்கு! யாரு, எப்ப, எவ்ளோ குடுத்தீங்க?”

“காலைல அஞ்சு மணிக்கு வேலைக்குப் போவசொல்ல நான் ஒரு மூடி. அப்புறம் இவங்கதான், எத்தினியோ.”

“குழந்தையோட அப்பா?”

“அவரு மத்தியான ஷிப்டு. அவருக்கு ஒண்ணும் தெரியாது மேடம்.”

“எதுக்கும் கேளுங்க.”

சூப்பர்வைசர் நம்பருக்கு அடித்து, புருஷன் ஜெயராஜ் லைனுக்கு வருவதற்குள் மோனிகாவுக்கு உயிர் போய் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

“சிரப்பா? ஒம்போது மணிக்கு தும்மிக்கினே இருந்துது. ஒரு மூடி குடுத்தேனே.”

“நான்தான் அஞ்சு மணிக்கே குடுத்துட்டனே!”

“எனுக்கு இன்னா தெரியும்? நீ போவசொல்ல நான் தூங்கிக்கினு இருந்தேன். நீ வரசொல்ல நான் வேலைல இருக்கேன். நாம பேசியே நாலு நாளாச்சு!”

டாக்டரம்மா சட்டென்று சீட்டு எழுதும் பேடை இழுத்தார். “அஞ்சு, ஒம்போது, ஒண்ணு. மூணு தடவையா? இந்த வயசுல அது விளையாட்டில்ல. உடனே பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தரேன், கெளம்புங்க.”

மோனிகா குழந்தையை வாரியெடுத்தாள்.

“மூணு இல்லீங்க, ரெண்டுதான்” என்றாள் ரோசம்மா, மெதுவாக. “பாப்பாவோட அப்பா கொண்டாந்து உடசொல்லவே கொழந்த சொக்கிக்கினு இருந்துது. மருந்து குடுக்க மனசு வரல. குடுக்கலன்னா மோனிகா சண்டைக்கு வரும். அதான்... ஒரு மணி மருந்த சிங்க்ல ஊத்திட்டேன்.”