கதவுக்கு அந்தப் பக்கம்

மதிய வெயிலில் பட்டறையின் தகரக் கூரை கொதிக்கிறது. தன்னையும் தன் மனைவியையும்விட வயதில் மூத்த ஒரு காரின் கதவில், துரு தின்ற அடிப்பாகத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்திருக்கிறான் டிங்கர். மேடும் பள்ளமுமாக நிற்கும் அந்த ஒட்டுத் தகட்டை அவன் வெளியிலிருந்து தட்ட, சீட்டைக் கழற்றிய காருக்குள் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, அவன் மனைவி உள்பக்கத்தில் அடி தாங்க இரும்புக் கட்டியை அழுத்திப் பிடித்திருக்கிறாள். சாயங்காலத்துக்குள் வண்டி பெயின்டுக்குப் போயாக வேண்டும். காலையிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சண்டை ஒன்றுமில்லை, வாயைத் திறக்கத் தெம்பில்லை. டங், டங் என்று கெட்டியாக வந்துகொண்டிருந்த சத்தம் திடீரென்று காலி டப்பாவைத் தட்டுவதுபோல் கலகலக்கிறது. அவன் கையை நிறுத்தி, கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறான். கட்டி அவள் மடியில் கிடக்கிறது. துருத்தூள் அப்பிய கன்னம் தோளில் சாய்ந்திருக்கிறது. சத்தம் நின்றதும் இமை அசைகிறது.

“ஏன் நிறுத்திட்டீங்க? பிடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்.”

“ஆமா, பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்க. வேர்வையைத் துடைச்சேன்.”

அவளுக்குக் கண் மறுபடி சொருகுகிறது. அவன் சுத்தியலை வைத்துவிட்டு மரச்சுத்தியை எடுக்கிறான். கதவிலேயே துரு தொடாத, சரிசெய்ய ஒன்றுமில்லாத ஓர் இடமாகப் பார்த்து, கை கடுக்கக் கடுக்க, அதே தாளத்தில் தட்டிக்கொண்டே நிற்கிறான்.