நடுவயலுக்கு வழி

ஊர்ப் பொது அறுவடை எந்திரத்துக்கு ஓட்டுநர் கிடையாது. யார் வயல் விளைந்தது என்று தானே பார்த்து, தானே முறை வைத்து, தானே வந்து அறுத்துக் கொடுக்கும். நிற்கிற பயிரை மட்டும் மிதிக்கவே மிதிக்காது.

அதுதான் செங்கமலத்துக்கு வினையாக வந்தது. அவள் வயல் மற்ற வயல்களுக்கு நடுவில் இருந்தது. கதிர் முற்றித் தலைசாய்ந்துவிட்டது. மறுநாள் கனமழை என்றார்கள். அதற்குப் போகிற ஒரே வழியில் உத்திராபதியின் வயல், பிந்தி நட்டது, இன்னும் பச்சையாக நின்றது. வரப்புத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

"வழியில் பயிர் நிற்கிறது. உங்கள் முறை தள்ளிவைக்கப்படுகிறது" என்றது எந்திரம், போனில்.

ஓட்டுநர் என்று ஒருவன் இருந்தால் காலில் விழலாம். இதற்குக் காலேது? செங்கமலம் அழுதுகொண்டே சோறு வடித்தாள்.

மத்தியானம் போன் மறுபடி கூப்பிட்டது. "வழி கிடைத்தது. வந்துகொண்டிருக்கிறேன்."

வயலுக்கு ஓடினாள். உத்திராபதி அரிவாளோடு, உடம்பெல்லாம் சேறாக நின்றார். அவர் வயலின் குறுக்கே, எந்திரம் போகிற அகலத்துக்கு, பால்பிடித்த பயிர் அறுபட்டுக் கிடந்தது.

"என்னண்ணே இது!"

"ஒனக்காக ஒண்ணும் இல்ல. மாட்டுக்குத் தீனி இல்ல, அறுத்தேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மழை பிடிப்பதற்குள் நெல் வீடு சேர்ந்தது. முதல் மூட்டையைச் செங்கமலம் தள்ளுவண்டியில் வைத்து உத்திராபதியின் மாட்டுக்கொட்டகைக்குக் கொண்டுபோனாள். உள்ளே அவருடைய மோட்டார் சைக்கிள் மட்டும் நின்றது. மாடு கட்டிய சுவடே இல்லை.

"எதுக்கு இதெல்லாம்?" என்றார் வாசலில் வந்து நின்ற உத்திராபதி.

"ஒங்களுக்கு இல்லண்ணே, மாட்டுக்கு" என்று மூட்டையை மோட்டார் சைக்கிள் பக்கத்தில் இறக்கினாள்.