மாக்கஸின் பகிடி

"மருந்து போடேக்க பகிடி விடாதையெண்டு எத்தினை தரம் சொன்னனான்?" என்று மாக்கஸிடம் கத்தினேன்.

அவனது அஜின்கோர்ட் வீட்டு பேஸ்மென்ற். நாளைக்கு எங்கள் கவ்பாய் துப்பாக்கிப் போட்டி. எங்களோடு போட்டிக்கு வரும் பேனாட் அண்ணை தொப்பி சரியச் சிரித்தார். எனக்கோ எந்தத் தோட்டாவுக்கு இரண்டு தரம் வெடிமருந்து போட்டேனென்று தெரியவில்லை. இரட்டை மருந்து துவக்கையே சிதறடிக்கும். ஐம்பது தோட்டாக்களின் மருந்தையும் கொட்டினேன், மூன்றாவது தடவையாக. இடுப்பில் பேஜர் அலறியது. மனைவி, வீட்டுக்கு வரச்சொல்லி.

அண்ணை தேநீர் போட மேலே போனார்.

"வேணுமெண்டுதானே செய்யிறாய்?" என்று மாக்கஸிடம் கேட்டேன்.

"ஓம். வேலை முடிஞ்சா அண்ணை வீட்டை போயிடுவார். மனிசி செத்தாப்பிறகு அவர் சிரிக்கிறது இஞ்ச மட்டும்தான்."

அண்ணை வருவதற்குள் ஐம்பதையும் நிரப்பிவிட்டேன்.

"முடிஞ்சுதோ தம்பி?" தேநீரை வைத்துவிட்டு, வீட்டுக்குக் கிளம்பக் கோட்டை எடுத்தார்.

பேஜர் மறுபடி அலறியது.

"இல்லை அண்ணை, சந்தேகமாக் கிடக்கு," என்று நிரப்பிய ஐம்பதையும் மறுபடி கொட்டினேன்.