தகுந்த காரணம்

"சார், மடக்குக் கத்தி வச்சிருந்தா சட்டப்படி தப்பா, தப்பில்லையா?"

காவல் நிலையத்தின் முன்மேசையில் தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்த காவலர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே பேருந்துப் பணிமனையின் டைம்கீப்பர், சீருடையோடு, காலை ஷிப்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றார். எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று குறித்துக் குறித்தே இருபது வருடத்தை ஓட்டிய மனிதர்.

"எவ்வளவு நீளம் சார் கத்தி?"

"என் சுண்டு விரல் அளவு இருக்கும்."

"பழைய விதிப்படி நாலு விரல் அகலத்துக்குள்ள இருந்தா தப்பில்ல."

"யார் விரல்?"

"அதைத்தான் எழுதாம விட்டுட்டாங்க." காவலர் சிரித்தார். "புது விதியில நீளப் பேச்சே கிடையாது. விரிச்சதும் டக்குனு பூட்டிக்கிற ரகம்னா தப்பு. போன வருஷம் ஒரு நீதிபதி, பூட்டினாலும் பரவாயில்லன்னு ஒருத்தரை விட்டுட்டார். இன்னொரு நீதிபதி பூட்டாத கத்திக்கே அபராதம் போட்டார்."

"அப்ப நான் என்னன்னு எடுத்துக்கறது?"

"சுத்திச் சுத்தி எல்லாம் ஒரே இடத்துலதான் வந்து நிக்கும். கத்தியை வச்சிருக்கத் தகுந்த காரணம் இருக்கா? தச்சு வேலை செய்யறவர் வச்சிருந்தா கேக்க மாட்டோம். பழம் நறுக்கன்னு சொன்னாலும் விட்டுடுவோம்."

"அவ ஆப்பிளைக் கடிச்சுதான் சார் சாப்பிடுவா!"

"யாரு?"

"என் வீட்டுக்காரி."

வாய் தவறி வந்துவிட்டது. வந்தது வந்துவிட்டது, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒரு வாரம் முன்பு டைம்கீப்பர் கண்ணில் பட்டது அது. மனைவியின் கைப்பையில், சீப்புக்கும் கைக்குட்டைக்கும் நடுவில், சிவப்புக் கைப்பிடி போட்ட மடக்குக் கத்தி. அவளாகக் கடையில் வாங்கியது மாதிரியா இருந்தது? யாரோ பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்த பரிசு மாதிரி பளபளத்தது. யாரோ என்ன யாரோ! அவளோடு வேலை பார்க்கும் அந்தச் சுருட்டைமுடிக்காரன்தான்.

"அவ மேல கேஸ் வேண்டாம் சார். கத்தியைக் கொடுத்தவன் மேல போட முடியுமா? அதை மட்டும் சொல்லுங்க."

"வீட்டம்மா எங்க வேலை பாக்குறாங்க?"

"பூங்காவுக்கு எதிர்ல, மூக்குக் கண்ணாடிக் கடையில. வர்றவங்க முகத்துக்குப் பொருத்தமா பிரேம் எடுத்துக் கொடுக்கிற வேலை."

அதுவரை போகிற போக்கில் பேசிக்கொண்டிருந்த காவலர் தேநீரைத் தள்ளி வைத்தார். எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க சார். ஆரம்பத்துலேருந்து சொல்லுங்க, எழுதிக்கறேன்."

டைம்கீப்பருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. தன் பேச்சையும் காது கொடுத்துக் கேட்க ஒருத்தர் இருக்கிறாரே!

"கத்தி இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தினமும் பாக்கறதுதான். அவ குளிக்கப் போனதும் முதல்ல பை, அப்புறம் போன்."

"சரி."

"கடை ஆறு மணிக்கு மூடுவாங்க. ஆறு பத்துக்கு பஸ். ஆறு முப்பத்திரண்டுக்கு வீட்டு வாசல்ல நிக்கணும். போன மாசம் ஒரு நாள் ஏழு நிமிஷம் லேட். கேட்டா, மழைங்கறா."

"என்ன பண்ணினீங்க?"

"அந்த ஏழு நிமிஷம் எங்க போனேன்னு சொல்ற வரைக்கும் உள்ள விடல."

"மழையிலயா?"

"மழைன்னு சொன்னது அவதானே!" தன் சாமர்த்தியத்தை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டார் டைம்கீப்பர். காவலர் தலை நிமிராமல் எழுதினார்.

"அந்தச் சுருட்டைமுடிக்காரரை அவங்களோட வெளியில எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"வெளியில இல்ல. மூணு நாள் பூங்கா வாசல்ல நின்னு கடைக்குள்ளயே பாத்தேன். அவன் ஒரு லென்ஸை எடுத்து அவ கையில கொடுத்தான். கொடுக்கும்போது சிரிச்சான் சார். அவளும் சிரிச்சா!"

வீட்டில் அவள் சிரித்துப் பார்த்து வருடக்கணக்கில் ஆகிறது. தனக்கு வராத சிரிப்பு, எவனோ ஒருத்தன் நீட்டிய லென்ஸுக்கு வருகிறதே என்று நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது அவருக்கு.

"அன்னைக்குக் கை ஓங்கினீங்களா?"

"ஓங்கினேன். ரெண்டு அறைதான். போனைத்தான் சுவத்துல அடிச்சேன். பாசம் இல்லாதவனா இருந்தா எக்கேடோ கெட்டுப் போன்னு விட்டிருப்பேனே சார்! மூணு வேளையும் அவ நினைப்பாவே இருக்கிறவன் நான்."

"அவங்களை வீட்டுல வச்சுப் பூட்டினது உண்டா?"

"லீவு நாள்ல மட்டும். நான் டூட்டிக்குப் போயிட்டா அவன் வந்துடக் கூடாதில்லையா?" டைம்கீப்பர் நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டார். "நீங்களே சொல்லுங்க சார். சாப்பாடு போடறேன், துணிமணி எடுத்துத் தர்றேன், கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கறேன். அவளுக்குக் கத்தி வச்சிருக்கத் தகுந்த காரணம் என்ன இருக்க முடியும்?"

காவலர் நாலாவது பக்கத்தின் கடைசி வரியை எழுதி முடித்து, தாள்களை அவர் பக்கம் திருப்பினார். "படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க."

தாமத வண்டிகளின் பட்டியலில் போடுகிற அதே வேகத்தில், படிக்காமலே நாலு கையெழுத்தையும் போட்டார் டைம்கீப்பர். "இனிமே அந்தச் சுருட்டைமுடிக்காரன் தப்பிக்க முடியாதில்ல?"

"அவர் மேல புகாரே இல்லையே சார். சாயங்காலம் உங்களைத்தான் கூட்டிட்டு வரச் சொல்லி உத்தரவு. நீங்களே வந்து எல்லாத்தையும் ஒத்துக்கிட்டீங்க." காவலர் தாள்களைக் கோப்பில் சேர்த்தார். "முந்தாநாள் உங்க வீட்டம்மாவும் இங்க வந்து இதே சட்டத்தைத்தான் கேட்டாங்க. கத்தி வாங்கினதுக்குத் தகுந்த காரணம் என்னம்மான்னு கேட்டேன். உங்க பேரைச் சொன்னாங்க."