நவம்பரில் ஒரு டிசம்பர் பூ

அங்கன்வாடி வாசலில் இருந்த டிசம்பர் செடி, நவம்பர் எட்டாம் தேதியே ஊதாவாக ஒரு பூ விட்டிருந்தது.

பன்னிரண்டு பிள்ளைகளும் அதைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். சத்துமாவு உருண்டையை யாரும் தொடவில்லை.

அப்படியானால் கிறிஸ்துமஸ் லீவு உண்டா என்று ஒருத்தி கேட்டாள். இல்லை, அப்பா கம்பெனி பஸ்ஸுக்கு முன்னாலேயே போய் ஜன்னல் சீட் பிடிப்பாரே, அந்த மாதிரி இதுவும் இடம் பிடிக்க வந்திருக்கிறது என்றான் பரத்.

ஹெலன் டீச்சருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பனி இறங்கி, ராத்திரி நீள ஆரம்பித்தால் செடிக்குத் தெரிந்துவிடும் என்று விளக்கினாள். காலண்டர் பார்க்கத்தான் அதற்குத் தெரியாது.

மேரி மட்டும் சிரிக்கவில்லை. அவள் ஹெலனின் மகள். நாலரை வயது.

"சீக்கிரமா வந்தா தப்பாம்மா? நானும் ஏழாம் மாசமே வந்துட்டேனாமே. எதிர் ஊட்டு கெங்கம்மா ஆயா சொல்லிக்கினு இருந்தாங்க."

குழாயடியில் கெங்கம்மா மாசங்களை விரல் விட்டு எண்ணிக் காட்டினாளாம்.

மேரி பிறந்த நாளிலிருந்து அந்த விரல்களைப் பார்த்து வருகிறாள் ஹெலன். பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வாள்.

இப்போது மேரியின் தலை குனிந்திருந்தது.

ஹெலன் அவள் மோவாயை நிமிர்த்தி, பூவின் அருகே அழைத்துப்போனாள்.

"எண்ணிப் பாரு. இன்னா கொறையுது இதுக்கு?"

மேரி இதழ் இதழாகத் தொட்டு எண்ணினாள். ஐந்து. எதுவும் குறையவில்லை.

மொட்டுக்குள் இருக்கவேண்டிய நாளெல்லாம் முழுசாக இருந்துவிட்டுத்தான் பூ வெளியே வந்திருக்கிறது என்றாள் ஹெலன். டிசம்பர் என்று பேர் வைத்தது நாம்தானே. அதற்குப் பூ என்ன செய்யும்?

மேரியின் முகம் மலர்ந்தது. உருண்டையை எடுத்து, ஒரு கன்னம் புடைக்க அடைத்துக்கொண்டு ஓடினாள்.

உள்ளே சாதம் வடித்துக்கொண்டிருந்த உதவியாளர் முத்தம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மேரி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள் அவள்தான். ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"மூணேகால் கிலோ இருந்துச்சு டீச்சர் உம் பொண்ணு. கண்ணாலந்தான் ரெண்டு மாசம் லேட்டு."

ஹெலன் வாய்விட்டுச் சிரித்தாள். எதற்கென்று தெரியாமலே பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள், மேரி வாய்நிறைய மாவோடு.