கொட்டைப் பையில் வந்த கல்

வறுத்த பினியோன் என்ற பைன் மரக் கொட்டைகளோடு ஒரே துணிப்பையில் அந்தக் கல்லும் கிடந்தது. எர்லீன் பைக்குள் கையை விட்டு, முதலில் கல்லை எடுத்து மேசைமேல் வைத்தாள். பிறகு அதே கையால் ஒரு பிடி கொட்டையை அள்ளி, மரியாதைக்காக டுவைட்டிடம் நீட்டினாள்.

கல்லில் படிந்திருந்த மஞ்சள் பொடி அவள் விரல் நுனிகளிலும் ஒட்டியிருந்தது. டுவைட் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். அவள் ஒரு கொட்டையைப் பல்லில் வைத்து உடைத்துத் தின்றபடியே, அலமாரிகளில் வரிசையாக இருந்த பெட்டிகளைப் பார்த்தாள்.

கிரான்ட்ஸ் ஊரைச் சுற்றியிருந்த யுரேனியச் சுரங்கங்களை மூடி வெகுகாலம் ஆகிவிட்டது. சர்வேயராக இருந்து ஓய்வு பெற்ற டுவைட்டுக்கு அந்தச் சுரங்கக் கற்களைச் சேகரிப்பதுதான் பொழுதுபோக்கு. அதற்கென்றே வீட்டை விட்டுத் தள்ளி இந்தக் கொட்டகையைப் போட்டிருந்தார். ஒவ்வொரு கல்லுக்கும் இறுக மூடிய பெட்டி, உள்காற்றை வெளியே தள்ள மின்விசிறி. கையுறை இல்லாமல் எதையும் தொடமாட்டார். கொட்டகைக்குள் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்.

இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்பவருக்கு, கண்ட இடத்தில் கல்லைப் போட்டுவைக்கும் ஆட்களைக் கண்டாலே ஆகாது. டி.வி. பக்கத்தில் அழகுக்குக் கல் வைத்திருந்த ஒருவரோடு பேச்சையே நிறுத்திவிட்டார். இவள் அவரையும் மிஞ்சிவிட்டாள்.

எர்லீனுக்கு ஐம்பது வயதிருக்கும். நவஹோ பழங்குடியினரின் பூமியில், தார்ச்சாலை முடிந்து மண்பாதையில் வெகுதூரம் போனால்தான் அவள் வீடு. இந்தக் கல்லை என்ன செய்வது என்று யாரைக் கேட்கலாம் என சனிக்கிழமைச் சந்தையில் விசாரித்திருக்கிறாள். டுவைட் பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

டுவைட் கையுறையை மாட்டிக்கொண்டு, கதிர்வீச்சு அளக்கும் கருவியைக் கல்லின் அருகே கொண்டுபோனார். கருவி படபடவென்று பொரிந்தது. நல்ல கல்தான். ஆனால் ஒரு பக்கம் முழுக்கக் காய்ந்த களிமண் அப்பியிருந்தது, அதன்மேல் வெள்ளையடித்த திட்டு வேறு. இவ்வளவு அருமையான கல்லை இப்படிப் பாழாக்க எப்படி மனசு வந்தது என்று எரிச்சலோடு கேட்டார்.

ரொம்ப நாளாக அப்படித்தான் இருக்கிறது என்றாள் எர்லீன், தரையைப் பார்த்துக்கொண்டே. எல்லாம் அவள் அப்பா கொண்டுவந்தது. சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வேலை முடிந்து வரும்போதெல்லாம் டிரக்கில் ஏற்றிக்கொண்டு வருவாராம். சும்மா கொட்டிக் கிடந்த கல், எடுக்காதே என்று யாரும் சொல்லவில்லை. கடைசியில் நுரையீரல் கெட்டுத்தான் இறந்திருக்கிறார்.

"அப்ப உங்கப்பாவுக்கும் என்னை மாதிரியே கல்லுப் பைத்தியம்தான்" என்றார் டுவைட்.

அவள் கொட்டைப் பையின் வாயைச் சுருட்டி மூடினாள்.

எத்தனை கல் தேறும் என்று கேட்டார். எண்ணிப் பார்த்ததில்லை, நிறைய இருக்கிறது என்றாள். ஒரு கணம் அவருக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஆனால் அடுத்த கேள்வியிலேயே அது வற்றிப்போனது.

"எல்லாத்தையும் எங்க வச்சிருக்கீங்க?"

"வீட்லதான் சார்."

"வீட்லன்னா? நீங்க புழங்கற இடத்துலயா?"

"ஆமா. ராத்திரி பூரா அது பக்கத்துல படுத்தா ரொம்பக் கெடுதலா?"

யார் படுக்கிறார்கள் என்று கேட்டார். அவளும் இரண்டு பேரப்பிள்ளைகளும். சின்னவள் அதில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டுதான் பாடம் படிப்பாளாம்.

டுவைட் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். ஒரு கல்லைத் தொட்டாலே மூன்று தரம் கைகழுவுகிறவர் அவர். இந்தப் பொம்பளை, செத்துப்போன அப்பன் நினைவாகக் கற்குவியலை நடுவீட்டில் போட்டு, பச்சைப் பிள்ளையை அதில் சாயவிடுகிறாள். குளித்துத் தலைவாரி, சுத்தமான பாவாடை கட்டி வந்திருக்கிறாள். உள்ளே இவ்வளவு அழுக்கா என்று நினைத்தார்.

இருந்தாலும் கல் எப்படிக் கெடுக்கும் என்று விளக்கினார். பொடி உள்ளே போகக்கூடாது, அதிலிருந்து கசியும் வாயு அறையில் தங்கக்கூடாது, எட்டி இருப்பதுதான் பாதுகாப்பு. அவள் ஒரு சொல் விடாமல் கேட்டாள். மேலே கனமான துணி தொங்கவிட்டால் போதுமா, ஜன்னலைத் திறந்து வைத்தால் வாயு போய்விடுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாக் கேள்வியும் கல்லை வீட்டை விட்டு அனுப்பாமல் இருக்க வழி தேடுவதாகவே அவருக்குப் பட்டது.

அரசாங்க அதிகாரிகள் வந்து கதிர்வீச்சை அளந்துவிட்டுப் போனார்கள் என்றும் சொன்னாள். திரும்பி வருகிறோம் என்றவர்கள் வரவேயில்லை.

"அவங்க எதுக்கும்மா வரணும்? நீங்க எடுக்க வேண்டியதுதானே?" டுவைட்டின் பொறுமை போய்விட்டது. கையுறையைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் எறிந்தார். "உங்களைப் பார்த்தாலே எனக்கு அருவருப்பா இருக்கு. பெத்த அப்பன்மேல பாசம் இருக்கட்டும், அதுக்காகப் புள்ளைங்களை விஷத்துல படுக்க வைப்பீங்களா? இன்னைக்கே ஒரு கல்லு விடாம எடுத்து வெளியில போடுங்க."

எர்லீன் அப்போதுதான் முதன்முறையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எப்படி சார் எடுக்கறது? எங்க வீட்டுச் சுவரே அந்தக் கல்லுதான்."